இரண்டாம் பருவத்தில் மட்டும் வரும் மாணவி

2022 ஜூனில் பணிமாறுதலில் இந்த ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளிக்கு வந்தேன். சாத்தூரிலிருந்து பேருந்தில் முக்கால் மணி நேரம். எனக்கு நான்காம் வகுப்பைக் கொடுத்தார்கள். வருகைப் பதிவேட்டில் ஒரு பெயருக்கு மட்டும் முதல் நாளிலிருந்தே பதில் இல்லை. யார் அது என்று கேட்டபோது வகுப்புப் பிள்ளைகளே சொன்னார்கள்: "அது ராட்டினக்காரவுக வீட்டுப் பிள்ள டீச்சர். மழைக்குத்தான் வரும்."

விளையாட்டாகச் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரம், குலசேகரன்பட்டினம் தசரா முடிந்த கையோடு, ஊர்க் கண்மாய்க் கரைக்கு ஒரு டிராக்டர் வந்து நின்றது. அது இழுத்து வந்த டிரெய்லருக்குத் தகரக் கூரை போட்டிருந்தார்கள். பின்னால் இன்னொரு வண்டியில் மரக்குதிரை, மான், விமானம், சுருட்டிய தார்ப்பாய், ஜெனரேட்டர். மறுநாள் காலை வணக்கக் கூட்டத்தில் அந்தச் சிறுமி வரிசையில் நின்றாள். ஒன்பது வயது. கூடவே ஐந்து வயதுத் தம்பி.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஒரு நாள்கூடத் தவறாமல் வந்தாள். அரையாண்டுத் தேர்வும் எழுதினாள். பொங்கல் விடுமுறை முடிந்து வந்து பார்த்தால் இடம் காலி. கண்மாய்க் கரையில் டிரெய்லர் நின்ற இடத்தில் சக்கரத் தடம் மட்டும் இருந்தது. அவள் அப்பா கொடுத்திருந்த எண்ணுக்கு இரண்டு முறை அழைத்தேன், அணைத்து வைக்கப்பட்டிருந்தது. பிப்ரவரி முழுவதும் 'வ.இ.' என்று குறித்தேன். பிறகு இடைநின்றவர் பட்டியலில் சேர்த்து, எமிஸ் தளத்தில் காமன் பூலுக்கு அனுப்பிவிட்டோம். என் பதிவேடு சுத்தமாகிவிட்டது. அதற்காக அன்று நிம்மதிப்பட்டேன் என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

2023 அக்டோபரில் டிரெய்லர் திரும்பி வந்தது. அந்தப் பிள்ளையின் அம்மா பள்ளி வாசலிலேயே கேட்டார்: "பேரை அடிச்சிட்டீகளாமே டீச்சர்? நாங்க எங்கயும் ஓடிப் போகலையே. வருசா வருசம் வாறோம்ல."

நடந்ததைப் பிறகு சொன்னார். பங்குனியில் ஓர் ஊரில் மூன்று வாரம் ராட்டினம் போட்டிருக்கிறார்கள். பக்கத்திலேயே பள்ளி. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். மாற்றுச் சான்றிதழ் கேட்டார்கள், இல்லை. எமிஸ் எண் கேட்டார்கள், அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. "உங்க பள்ளிக்கூடத்துல வாங்கிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள். அதோடு அந்த ஆண்டு முடிந்தது. சிறுமி ராட்டினத்தின் டிக்கெட் மேசையில் உட்கார்ந்துவிட்டாள்.

அந்த எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அந்த அம்மாவின் கையில் நான் கொடுத்திருக்கலாம். அதற்கு ஒரு நிமிடம் ஆகியிருக்கும்.

பழைய பதிவேடுகள் சொன்னது

அன்று மாலை தலைமையாசிரியரிடம் கேட்டு பழைய பதிவேடுகளை எடுத்துப் பார்த்தோம். சேர்க்கைப் பதிவேட்டில் ஒரே பிள்ளைக்கு மூன்று சேர்க்கை எண்கள் இருந்தன. சேர்ப்பதும் நீக்குவதும் மறுபடி சேர்ப்பதுமாக நடந்திருக்கிறது. எனக்கு முன்னால் இருந்தவர்களும் நான் செய்ததைத்தான் செய்திருக்கிறார்கள்.

வருகைப் பதிவேடுகளை ஆண்டு வாரியாகப் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்தபோதுதான் கண்ணில் பட்டது. முதல் வகுப்பு: 2019 அக்டோபர் முதல் டிசம்பர் வரை. இரண்டாம் வகுப்பு: கொரோனாவால் பள்ளியே இல்லை. மூன்றாம் வகுப்பு: 2021 நவம்பரில் பள்ளி திறந்ததிலிருந்து டிசம்பர் வரை. நான்காம் வகுப்பு: என்னிடம், அதே மாதங்கள். அந்த மாதங்களில் வருகை ஏறத்தாழ முழுமை. மற்ற மாதங்களில் ஒரு நாள்கூட இல்லை.

அதாவது, இந்தப் பிள்ளை எல்லா வகுப்பிலும் இரண்டாம் பருவத்தை மட்டும் படித்திருக்கிறாள். முதல் பருவத்தையும் மூன்றாம் பருவத்தையும் எந்த வகுப்பிலும் பார்த்ததே இல்லை.

நான் அவளை 'மெல்லக் கற்பவர்' என்று குறித்து வைத்திருந்தேன். ஒரு நாள் நன்றாகச் செய்வாள், மறுநாள் ஒன்றும் தெரியாமல் விழிப்பாள். கவனக் குறைவு என்று நினைத்தேன். இரண்டாம் பருவப் பாடத்தைத் தொட்டால் நன்றாகச் செய்தாள், மற்றதைத் தொட்டால் விழித்தாள் என்பது பதிவேட்டைப் பார்த்த பிறகே புரிந்தது. எட்டாம் வகுப்பு வரை நம் மாநிலத்தில் யாரையும் அதே வகுப்பில் நிறுத்தி வைப்பதில்லை. அது நல்லதுதான். ஆனால் ஆண்டுதோறும் தேர்ச்சி கிடைத்துக்கொண்டே இருந்ததால், பாடங்களில் விழுந்த இந்த இடைவெளியை யாரும் பார்க்கவில்லை.

ஏன் அந்த மூன்று மாதங்கள் மட்டும்? அவள் அப்பாவையே உட்கார வைத்து எழுதினேன். அவர் தமிழ் மாதத்தில் சொன்னார், நான் பக்கத்தில் ஆங்கில மாதத்தைப் போட்டுக்கொண்டேன். தையில் பழனி தைப்பூசம். மாசியில் நத்தம் மாரியம்மன், திண்டுக்கல் கோட்டை மாரியம்மன். பங்குனியில் விருதுநகர் பங்குனிப் பொங்கல், அருப்புக்கோட்டை. சித்திரையில் சிவகாசி, பிறகு தேனி பக்கம் வீரபாண்டி கௌமாரியம்மன். ஆனியில் நெல்லையப்பர் தேர். ஆடியில் தூத்துக்குடி பனிமய மாதா கோயில், சங்கரன்கோவில் தபசு, கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி. எல்லா ஊருக்கும் எல்லா ஆண்டும் போவதில்லை. இடம் ஏலத்தில் யாருக்குப் போகிறது என்பதைப் பொறுத்தது. புரட்டாசியில் குலசை தசரா. அத்தோடு சரி. வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் திறந்த வெளியில் ராட்டினம் ஓடாது. வண்டி ஊருக்கு வந்துவிடும்.

நம் பருவ அட்டவணையை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூன்றாம் பருவம் தொடங்கும்போது அவர்களுடைய பிழைப்பும் தொடங்குகிறது. நாம் ஆண்டுத் தேர்வு வைக்கும் பங்குனிதான் அவர்களுக்கு அறுவடைக் காலம். கோடை விடுமுறையில் நாம் பள்ளியைப் பூட்டும்போது அவர்கள் தேனியில் இருப்பார்கள். 2020 மார்ச் முதல் கோயில் திருவிழாக்கள் நின்றுபோய், ஒன்றரை ஆண்டுக்கு மேல் அந்த டிரெய்லர் கண்மாய்க் கரையை விட்டு அசையவே இல்லை. அந்தக் குடும்பம் தொடர்ந்து ஊரில் இருந்த ஒரே காலம் அதுதான். அந்தக் காலத்தில்தான் நம் பள்ளி மூடிக் கிடந்தது.

"பிள்ளைகளை அம்மாச்சி வீட்டுல விட்டுட்டுப் போகலாமேம்மா" என்று நானும் கேட்டேன். எல்லா ஆசிரியரும் முதலில் கேட்கும் கேள்வி. அந்த அம்மா பொறுமையாகச் சொன்னார்: "ஒரு வருசம் விட்டுப் பார்த்தோம் டீச்சர். அம்மாச்சிக்குக் கண்ணு தெரியாது. இவ அங்க சோறு பொங்கிட்டு இருந்தா. பள்ளிக்கூடமும் போகல, எங்க கூடவும் இல்ல." உண்டு உறைவிடப் பள்ளியைப் பற்றியும் சொன்னேன். யோசிக்கிறேன் என்றார். இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறார். ஒரு குடும்பம் சேர்ந்து வாழ்வதைக் குறையாக எண்ணிக்கொண்டு நான் பேச்சைத் தொடங்கியிருக்கிறேன் என்பது அப்போது உறைத்தது.

பன்னிரண்டு இருக்கைப் பின்னம்

ஐந்தாம் வகுப்பில் அவளுக்கு என்ன கற்பிப்பது? வகுப்பு இரண்டாம் பருவப் புத்தகத்தில் இருந்தது. அவளுக்கோ முந்தைய மூன்றாம் பருவங்கள் தேவை. வாரத்தில் மூன்று நாள் மதிய உணவுக்குப் பின் அரை மணி நேரத்தை அதற்கு ஒதுக்கினேன். முதலில் எடுத்தது பின்னம். மூன்றாம் பருவக் கணக்குப் புத்தகத்தில் வரும் பகுதி, அவள் பார்த்தே இராதது.

கரும்பலகையில் 1/3 என்று எழுதி வாசிக்கச் சொன்னேன். "ஒண்ணு, கோடு, மூணு" என்றாள். சரி என்று வேறு வழியில் போனேன். இட வாடகை எப்படிக் கொடுப்பீர்கள் என்று கேட்டேன். "மூணுல ஒண்ணு ஏலம் எடுத்தவருக்கு, மீதி நமக்கு, அதுலதான் டீசல்." 4,500 ரூபாய் வசூலானால்? "அவருக்கு 1,500." விரலைக்கூட மடக்கவில்லை. நீ சொன்னதைத்தான் நான் பலகையில் எழுதியிருக்கிறேன் என்றதும் கொஞ்ச நேரம் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே இருக்கும் மூன்று மொத்தப் பங்கு, மேலே இருக்கும் ஒன்று ஏலக்காரருடையது என்று அவளே சொன்னாள்.

அடுத்த வகுப்பை எல்லாருக்குமாக மாற்றினேன். அவர்களுடைய ராட்டினத்தில் 12 இருக்கை. தரையில் சுண்ணக்கட்டியால் வட்டம் போட்டு 12 கட்டமாகப் பிரித்து, பிள்ளைகளையே உட்கார வைத்தோம். பாதி நிறைந்தால்தான் அப்பா சுற்றுவார், இல்லாவிட்டால் டீசலுக்குக் கட்டாது என்றாள். பாதி என்றால் ஆறு பேர். கால் பங்கு மூன்று பேர். 1/2 இருக்கை நிறைந்திருக்கிறது, இன்னும் 1/4 பங்கு ஏறுகிறது, இப்போது எவ்வளவு? எழுந்து எண்ணினார்கள், ஒன்பது. 12இல் 9 என்றால் நாலில் மூன்று. பிறகு 1/3 + 1/4. நான்கு பேரும் மூன்று பேருமாக ஏழு பேர். பகுதிகளைச் சமமாக்க வேண்டும் என்று ஐந்தாம் வகுப்புக்கு நான் பத்து ஆண்டாகச் சொல்லிக்கொண்டிருப்பதை, ஏன் சமமாக்க வேண்டும் என்று அன்றுதான் பிள்ளைகள் கண்ணால் பார்த்தார்கள். மூன்றில் ஒன்றையும் நாலில் ஒன்றையும் அப்படியே கூட்ட முடியாது, இருக்கையாக மாற்றினால் கூட்டலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். வாழ்க்கைக் கணக்கு எல்லாவற்றையும் கற்றுத் தந்துவிடும் என்று மயங்கிவிடக் கூடாது. 2/5 என்றதும் அவள் நின்றுவிட்டாள். "12ஐ அஞ்சு பேருக்குப் பிரிக்க முடியாது டீச்சர். குதிரையை வெட்டணும்." வகுப்பே சிரித்தது. அவளுடைய ராட்டினம் இரண்டு, மூன்று, நான்கு, ஆறு வரைதான் உதவும். அதற்கு அப்பால் காகித மடிப்பும் புத்தகமும் நானும் தேவைப்பட்டோம். ஐந்தின் பகுதிக்கு 20 இருக்கை உள்ள பெரிய ராட்டினத்தை அவளே வரைந்துகொண்டாள். அது அப்பா வாங்க ஆசைப்படும் ராட்டினமாம்.

பச்சை அட்டை நோட்டு

ஜனவரி நெருங்கியது. அவள் போய்விடுவாள். ஒன்பது மாதம் என்ன செய்வது?

டிரெய்லரில் குடும்பம் நடத்துபவர்கள் உலகின் பல நாடுகளில் உண்டு. ஐரோப்பாவில் சந்தைக்குச் சந்தை ராட்டினம் கொண்டு போகும் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வண்டி வீட்டில்தான் வாழ்கின்றன. குளிர்காலத்தில் மட்டும் ஓர் ஊரில் தங்குவார்கள், நம்மவர்கள் மழைக்குத் தங்குவதைப் போல. அந்தப் பிள்ளைகளை என்ன செய்கிறார்கள் என்று தேடிப் படித்தேன்.

நெதர்லாந்தில் பள்ளியே வண்டியில் போகிறது. வகுப்பறையாக மாற்றிய வாகனத்தோடு ஆசிரியர் சந்தை நடக்கும் இடத்துக்கு வந்துவிடுவார். நமக்கு அது இப்போதைக்கு எட்டாது. இங்கிலாந்தில் 1996 கல்விச் சட்டம் இவர்களுக்கென்று ஒரு விதி வைத்திருக்கிறது. தொழிலுக்காக ஊர் ஊராகப் போக வேண்டியிருக்கும் பெற்றோரின் பிள்ளை ஆறு வயதைக் கடந்திருந்தால், பன்னிரண்டு மாதத்தில் 200 அரைநாள் வருகை தந்திருக்க வேண்டும். அவ்வளவு இருந்தால் வராத நாட்களுக்காகப் பெற்றோர் மீது நடவடிக்கை இல்லை. அங்கே பள்ளி நடப்பதே ஆண்டுக்கு 190 நாள், அதாவது 380 அரைநாள். ஏறத்தாழ பாதி போதும் என்று சட்டமே சொல்வது எனக்கு உவப்பாக இல்லை. ஆனால் ஒன்று பிடித்திருந்தது. வருகைப் பதிவேட்டில் அந்தப் பிள்ளைக்கென்று தனிக் குறியீடு இருக்கிறது. பயணத்தில் இருக்கிறாள் என்று எழுதுகிறார்கள். ஓடிப் போய்விட்டாள் என்று எழுதுவதில்லை.

எனக்குப் பயன்பட்டது ஜெர்மனியின் முறை. பயணத்தில் இருக்கும் பிள்ளைக்கு அங்கே ஒரு தாய்ப்பள்ளி உண்டு. குளிர்காலத்தில் படிக்கும் அந்தப் பள்ளிதான் பொறுப்பு. வழியில் சேரும் பள்ளிகள் துணைப் பள்ளிகள். இரண்டையும் இணைப்பது பிள்ளையின் கையில் இருக்கும் ஒரு பள்ளி நாட்குறிப்பு. எங்கே என்ன படித்தாள், அடுத்து என்ன படிக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். புதிய ஆசிரியர் அதைத் திறந்தால் போதும், விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

இதற்கு அரசாணை வேண்டியதில்லை, பட்ஜெட்டும் வேண்டியதில்லை. பச்சை அட்டை போட்ட ஒரு நீள நோட்டு வாங்கினேன். முதல் பக்கத்தில் அவள் பெயர், எமிஸ் எண், வகுப்பு, எங்கள் பள்ளி, தலைமையாசிரியர் கையொப்பம், முத்திரை, என் அலைபேசி எண். இரண்டாம் பக்கத்தில் திருவிழா நாள்காட்டி. அதன் பிறகு ஒவ்வோர் இரட்டைப் பக்கத்திலும் இடப்பக்கம் நான் எழுதியது: இந்தக் காலத்துக்குரிய பாடம், அவளுக்குத் தெரிந்தது, தெரியாதது, இரண்டு பயிற்சிகள். வலப்பக்கம் காலி. அங்கே அவள் சேரும் பள்ளியின் ஆசிரியர் எழுத வேண்டும். மூன்றாம் பருவப் புத்தகங்களையும் கொடுத்து அனுப்பினேன்.

2024 செப்டம்பர் கடைசியில் நோட்டு திரும்பி வந்தபோது பரீட்சைத் தாளைத் திறப்பதுபோல் திறந்தேன். நான்கு பள்ளிகள். மொத்தம் 41 நாள் வருகை. ஒரு பள்ளியில் முத்திரை மட்டும். ஒரு பள்ளியில் தேதி மட்டும். ஓர் ஆசிரியர் இரண்டு வரி எழுதியிருந்தார்: பின்னங்களின் கழித்தல் முடித்துள்ளேன், ஒப்பிடுதலில் தடுமாற்றம் உண்டு, பார்த்துக்கொள்ளுங்கள். நான் சந்தித்தே இராத அந்த ஆசிரியருக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. அக்டோபரில் ஒப்பிடுதலிலிருந்தே தொடங்கினேன்.

டிரெய்லரில் ஒரு ஞாயிறு

நோட்டு கையில் இருந்தும் முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிப்ரவரியில் வாரம் இருமுறை இரவு 7 மணிக்கு அழைத்துப் பாடம் சொல்லலாம் என்று திட்டமிட்டிருந்தேன். எனக்கு வசதியான நேரம் அது. அழைத்தால் ஜெனரேட்டர் சத்தமும் சினிமாப் பாட்டும்தான் கேட்கும். அவள் "டீச்சர், டீச்சர்" என்று கத்துவாள், இணைப்பு போய்விடும்.

பங்குனிப் பொங்கலையொட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை விருதுநகருக்கே போனேன். காலை 9 மணிக்குப் போனபோது குடும்பமே தூங்கிக்கொண்டிருந்தது. டிரெய்லரின் அகலத்துக்குப் பாய் விரித்து, குறுக்காகப் படுத்திருந்தார்கள். கைக்குழந்தைக்குத் தூளி டிரெய்லரின் அடியில், நிழலில். வாசலுக்கு ஏணி ஒன்று. தகரப் பெட்டி மேல் பாத்திரம், பெட்டிக்குள் துணி, ரேஷன் கார்டு, ஆதார், ராட்டினம் ஓட்ட வாங்கிய அனுமதித் தாள்கள். கூரைத் தகரத்தின் இடுக்கில் பச்சை நோட்டு செருகி வைத்திருந்தது. அது அந்த வீட்டின் பரண். அறை எடுத்துத் தங்க முடியாதா என்றேன். மோட்டாரையும் வயரையும் யார் காவல் காப்பது என்று சிரித்தார் அவள் அப்பா.

ராட்டினம் மாலை 5 மணிக்குத் தொடங்கி நள்ளிரவு வரை ஓடும். தூங்க ஒரு மணி ஆகும். ஒன்பதுக்கு எழுந்து, தண்ணீர் பிடித்து, சமைத்து, துவைத்து முடிக்க 11 ஆகிவிடும். 11 முதல் 3 வரை யாருக்கும் வேலை இல்லை. அந்தப் பிள்ளையின் படிக்கும் நேரம் அதுதான். நானோ என் கடிகாரத்தை வைத்து அவளை அளந்துகொண்டிருந்தேன். பள்ளிக்குத் தாமதமாக வருகிறாள், வகுப்பில் தூங்கி விழுகிறாள் என்று ஏதோ ஒரு பள்ளியில் குறை சொன்னதாக அம்மா வருத்தப்பட்டார். இரவு ஒரு மணிக்குப் படுத்த பிள்ளை வேறென்ன செய்யும்?

அன்றிலிருந்து நேரடி அழைப்பை விட்டுவிட்டேன். வாட்ஸ்அப்பில் இரண்டு நிமிடக் குரல் பதிவாக அனுப்புவேன். அவள் மதியம் கேட்டு, நோட்டில் செய்து, படம் எடுத்து அனுப்புவாள். அப்பாவின் அலைபேசியில் சில நேரம் பணம் இருக்காது, பத்து நாள் சேர்ந்து ஒரே நேரத்தில் வரும். வரட்டும்.

அவள் அப்பாவுக்கு இதிலெல்லாம் பெரிய நம்பிக்கை இருந்ததில்லை. "ராட்டினம் சுத்துறதுக்கு எதுக்கு டீச்சர் இவ்வளவு படிப்பு" என்பார். போன ஆனியில் ஓர் ஊரில் இட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் மகளிடம் வாசிக்கக் கொடுத்திருக்கிறார். மின்கட்டணமும் அவர் தலையில் என்று ஒரு வரி இருந்ததை அவள் வாசித்துச் சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை அவர் கேட்கவில்லை.

சேர்க்க முடியாது என்று சொல்லும் முன்

நோட்டு போன எல்லா இடத்திலும் கதவு திறக்கவில்லை. ஒரு பள்ளியில், "15 நாளுக்காக எதற்குச் சேர்க்க வேண்டும்" என்றார்கள். தொலைபேசியில் பேசினேன். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எண்ணிக்கை மாறும், சத்துணவுக் கணக்கு மாறும், போனதும் எமிஸில் மறுபடி வேலை.

ஆனால் சட்டம் என்ன சொல்கிறது என்பதை நாம் தெரிந்துவைத்திருக்க வேண்டும். கட்டாய இலவசக் கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 5: எக்காரணத்தாலும் ஊர் மாறும் பிள்ளைக்கு வேறு அரசுப் பள்ளிக்கோ உதவிபெறும் பள்ளிக்கோ மாறும் உரிமை உண்டு. மாற்றுச் சான்றிதழ் தாமதமாவதைக் காட்டிச் சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ முடியாது. தாமதம் செய்யும் தலைமையாசிரியர்தான் நடவடிக்கைக்கு உள்ளாவார். பிரிவு 14: வயதுச் சான்று இல்லை என்பதற்காக மறுக்க முடியாது. பிரிவு 15: சேர்க்கைக் காலம் முடிந்துவிட்டது என்று சொல்லி மறுக்க முடியாது. பிரிவு 4: இடையில் விட்ட பிள்ளையை அதன் வயதுக்குரிய வகுப்பில் சேர்க்க வேண்டும், ஈடுகட்டத் தனிப் பயிற்சி தர வேண்டும். இடம்பெயரும் குடும்பத்துப் பிள்ளைகளின் சேர்க்கையை உள்ளாட்சி அமைப்பு உறுதிசெய்ய வேண்டும் என்று பிரிவு 9 தனியாகவே சொல்கிறது.

2023இல் அந்தத் தாயைத் திருப்பி அனுப்பிய பள்ளியை மட்டும் நான் குறை சொல்ல முடியாது. பெயரை நீக்கி அனுப்பியது நான்தான்.

இப்போது அவள் ஏழாம் வகுப்பு. பின்னம், தசமம் வரை பிடித்துக்கொண்டாள். ஆங்கிலத்தில் ஓட்டை அப்படியேதான் இருக்கிறது. அங்கே ராட்டினம் எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. தம்பிக்கு நோட்டு போட்டும் பயன் குறைவு. எழுத்துக்கூட்டி வாசிக்கும் பருவத்தில் தினமும் ஒருவர் பக்கத்தில் உட்கார வேண்டும், குரல் பதிவு போதாது. ஊர்ப்பெயர்களை மட்டும் பேருந்துப் பலகையிலிருந்து வாசித்துவிடுகிறான். அதையே பிடித்துக்கொண்டு ஊர்ப்பெயர் அட்டைகள் செய்து கொடுத்திருக்கிறேன். நத்தம், பழனி, சிவகாசி என்று தொடங்கி 'குலசேகரன்பட்டினம்' வரை போனால் ஏறத்தாழ எல்லா எழுத்தும் வந்துவிடும் என்பது என் கணக்கு.

அம்மா இப்போது ஒரே ஒரு கேள்வி கேட்கிறார். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு மார்ச், ஏப்ரலில்தானே வரும்? அது பங்குனியாச்சே. என்னிடம் விடை இல்லை. அதற்கு இன்னும் மூன்று ஆண்டு இருக்கிறது. உண்டு உறைவிடப் பள்ளியா, அந்த ஓர் ஆண்டு மட்டும் அம்மாவும் ஊரில் தங்குவதா என்று மூவரும் பேசிக்கொண்டிருக்கிறோம். மூன்றாவது ஆள் அந்தச் சிறுமி. வீரபாண்டித் திருவிழாவை மட்டும் விட முடியாது என்பது அவள் கட்சி.

பொங்கல் முடிந்ததும் டிரெய்லர் கிளம்பிவிடும். தைப்பூசத்துக்குப் பழனி, மாசியில் நத்தம், பங்குனியில் விருதுநகர், சித்திரையில் சிவகாசி. அந்த ஊர்களில் பணியாற்றும் ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு தாய் இரண்டு பிள்ளைகளோடு, காலை வணக்கம் முடிந்து வெகுநேரம் கழித்து, உங்கள் பள்ளிக்கு வரலாம். அவர் கையில் பச்சை அட்டை போட்ட நோட்டு இருக்கும். எமிஸ் எண் முதல் பக்கத்தில். இடப்பக்கத்தில் நான் எழுதியிருப்பேன். வலப்பக்கம் உங்களுக்கு.